உப்பளத்தைக் கடக்கும் நீலக் கோடு

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் வீட்டு மாடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் பெரும்பாலும் எனக்குத்தான் போன் வரும். பைக்கின் பின்பக்கம் இரும்புச் சட்டம் அடித்து நைட்ரஜன் கேனைக் கட்டியிருக்கிறேன். கேனுக்குள் கடுங்குளிரான திரவ நைட்ரஜனில் உறைவிந்துக் குச்சிகள் மூழ்கியிருக்கும். பக்கப் பையில் நீளக் கையுறை, கத்தரிக்கோல், வெந்நீர் பிளாஸ்க், துடைக்கப் பழைய துணி. இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் மண் ரோட்டில் போக முடியாது. அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே என் கணவரின் பழைய பைக்கை ஓட்டிப் பழகினேன். ஒரு பெண் பைக்கில் வந்து இறங்கி மாட்டின் பக்கம் போனால், முதல் தடவை வீட்டுக்காரர்கள் தெருவை எட்டிப் பார்ப்பார்கள், டாக்டர் பின்னால் வருகிறாரா என்று. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த தடவை 'டாக்டரம்மா' ஆகிவிடுவேன்.

இந்த வேலையில் நேரம் முக்கியம். மாடு கத்தத் தொடங்கிய உடனேயும் ஊசி போடக் கூடாது, அடங்கிப்போன பிறகும் போடக் கூடாது. காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. தவறவிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எனக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. கறவை வற்றிய மாட்டுக்குத் தினமும் தீனி போடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

நான் செஞ்சிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி இந்தக் கடற்கரைக்கு வந்தபோது மாதா கோயிலுக்குப் போகும் வழியும் பஸ் நிற்கும் இடமும் மட்டும்தான் தெரியும். மெயின் ரோடுகள் சீக்கிரம் பழகிவிட்டன. ஊருக்குள் போகும் சந்துகளும் கொல்லைக்குப் போகும் வழிகளும் பழகவே இல்லை. போனில் வழி சொல்கிறவர்கள் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்வார்கள். "டேங்க் ஒண்ணு வரும், அங்க லெஃப்ட் அடிச்சா நேரா நம்ம வீடுதான்" என்பார்கள். டேங்க் இல்லாத ஊர் ஏது? சில ஊர்களில் இரண்டு இருக்கும்.

எல்லோரையும் போல நானும் போனை ஹேண்டில்பாரில் ஒரு பிடிப்பானில் மாட்டி மேப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். மற்றவர்களுக்கு அது போதும். எனக்கு அந்த போன்தான் தொழிலும். மேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வரும், திரை மாறிவிடும். எடுக்காவிட்டால் அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பேசி முடித்துப் பார்த்தால் திரும்ப வேண்டிய இடம் பின்னால் போயிருக்கும். மே மாதத்தில் போன் சூடாகித் தானாகவே இருட்டாகிவிடும். மண் ரோட்டு அதிர்ச்சியில் அதன் கேமராவும் கெட்டுப்போனது. எதைப் படம் எடுத்தாலும் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடியது.

உப்பளத்துக்கு மேற்கே ஒரு ஊர். அங்கே ஒரு அக்கா இருந்தார். உப்பு சீசனில் உப்பளத்தில் கூலி வேலைக்குப் போவார், மற்ற நாளில் நடவு, களையெடுப்பு. வீட்டில் ஒரே ஒரு கலப்பினப் பசு. அந்த மாடு எனக்குச் சரியாக அமையவே இல்லை. ஒரு தடவை சரியான நேரத்துக்குப் போய்ப் போட்டும் சினை நிற்கவில்லை. அடுத்த தடவை வழியில் இரண்டு அழைப்பு வந்து, நான் ஒரு திருப்பத்தை விட்டு, ஏரிக்கரையில் ஏறி, வேறு ஊருக்குள் போய்விட்டேன். அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது மாடு அமைதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. கையை விட்டுச் சோதித்ததுமே தெரிந்தது, நேரம் தாண்டிவிட்டது. அவர் திட்டவில்லை. மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், வழி காட்ட மட்டும் தனியாக ஒரு பெட்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அவர் ஐஸ் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். புதுச்சேரியிலிருந்து குப்பம் குப்பமாகப் போய் ஐஸ் இறக்குவார். ஒரு தடவை போன வழி அவருக்கு மறக்காது. வழிக்கு ஒரு மெஷின் எதற்கு என்பது அவருக்குப் புரியவே இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் போன கடையில் காருக்குப் போடுகிறவைதான் இருந்தன. பெரிய திரை, மழை பட்டால் அவ்வளவுதான். விற்பனையாளர் என் கேள்விக்கெல்லாம் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டால், "சார், உங்க போன்லயே எல்லாம் இருக்கே சார்" என்று அவரிடம் சொன்னார். என் கணவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பைக் அவங்களுது, அவங்ககிட்ட பேசுங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்தார். அதன் பிறகும் அந்த விற்பனையாளர் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். வாங்காமல் வந்தேன்.

அப்புறம் இன்டர்நெட்டில் தேடினேன். பைக்குக்கென்றே மழைக்குத் தாங்கும் திரைகள் மலிவாகக் கிடைத்தன. ஒன்றை வாங்கப் பணம் கட்டப் போகும் நேரத்தில்தான் கீழே வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அது தானாக எதையும் கண்டுபிடிக்காது. போனில் ஓடும் மேப்பை வாங்கிப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். போன் சூடாகி இருண்டால் அதுவும் இருளும். அழைப்பு வந்தால் அதிலும் அழைப்புதான் தெரியும். எனக்கு வேண்டியது போன் இல்லாமலேயே சாட்டிலைட்டைத் தானே பிடிக்கிற பெட்டி. இந்த வித்தியாசம் புரியவே எனக்குப் பல நாள் ஆனது. அப்படிப்பட்ட பெட்டிகளும் இருந்தன. விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

இடையஞ்சாவடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று என் கணவருடன் வேலை செய்கிற டிரைவர் சொன்னார். ஆரோவில் பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் பெரிய பைக்குகளைப் பார்க்கிறவர். ஊரைவிட்டுப் போகும்போது அவர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான் பலதும் அவர் கடையில் இருக்கும். நாங்கள் போனபோது அவர் தகரக் கொட்டகையில் ஒரு பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு பைக்கைச் சுற்றி வந்து, கேனைக் கட்டியிருந்த சட்டத்தை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார்.

சோப்புக் கட்டி மாதிரி தடித்த, மூலையெல்லாம் ரப்பர் போட்ட ஒரு பெட்டி. ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப் போனதாம்.

"ஸ்கிரீன் சின்னதுதான். ஆனா கையுறை போட்டுக்கினே தொடலாம். மழைல வச்சி ஓட்டலாம். வெயில்ல நல்லா தெரியும், வெளிய எடுத்துனு போய் நீங்களே பாருங்க" என்றார்.

வெளியே எடுத்துப் போய் உச்சி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெரிந்தது. ஆனால் தெரிந்தது எங்கோ ஐரோப்பாவின் மேப். நம் ஊர் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அதற்கு இலவசமாகவே மேப் கிடைக்கிறது, போட்டுத் தருகிறேன் என்றார். நான் இன்னும் இரண்டு விஷயம் கேட்டேன். நான் போகும் வீட்டை நானே அதில் குறித்து வைக்க முடியுமா? மேப்பில் இல்லாத வழியில் போனால் அந்த வழியை அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமா? இரண்டும் முடியும் என்று செய்து காட்டினார். கொட்டகையைச் சுற்றி என்னை ஒரு நடை நடக்கச் சொன்னார். திரையில் என் பின்னால் நீலமாக ஒரு கோடு வளைந்து வளைந்து வந்தது. வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்து, ஹேண்டில்பாரில் மாட்டிக் கொடுத்தார். மொழியை மாற்றத்தான் அவருக்கும் வழி தெரியவில்லை. எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார், குரல் பிரெஞ்சிலேயே நின்றுவிட்டது. தமிழ் அதில் கிடையவே கிடையாது. அவருக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். 'ஆ த்ருவாத்' என்றால் வலது, 'ஆ கோஷ்' என்றால் இடது. என் கணவர் பின்னால் உட்கார்ந்துகொள்ள, ஈ.சி.ஆர். ரோட்டில் பெட்டிக்குள் பேசும் பிரெஞ்சுப் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நேர் ரோடு, அவளுக்கும் அதிகம் வேலை இல்லை. ஒரு வாரம் அவளோடுதான் போனேன். நான் சாப்பாட்டுத் தட்டு வைத்தால்கூட என் கணவர் 'ஆ கோஷ்' என்று சாம்பாரைக் காட்டினார். பிறகு ஒருநாள் குரலை நிறுத்தும் பொத்தான் தட்டுப்பட்டது, நிறுத்திவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தத்தில் எந்த மொழியும் சரியாகக் கேட்பதில்லை. அம்புக்குறியே போதும்.

வேலை மாறியது உண்மை. ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் தடவை போகும்போது மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று குறித்துக்கொள்வேன். அடுத்த தடவை அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் வழி கேட்க மாட்டேன். எப்போதிலிருந்து கத்துகிறது என்று மட்டும் கேட்பேன். சிலருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது. தெரியும் என்று நடுவில் நிறுத்தினாலும் டேங்க் வரைக்கும் வழி சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.

தொல்லையும் கூடவே வந்தது. பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் தூரம் மட்டும்தான். முதல் மாதத்திலேயே மேற்கே போக வேண்டிய ஒரு நாள், ஈ.சி.ஆரிலிருந்து திடீரென்று உப்பளத்துக்குள் திருப்பியது. மேப்பில் ரோடு போலவே ஒரு கோடு இருந்தது. கொஞ்ச தூரம் வண்டித்தடம், அப்புறம் குறுகி, பாத்திகளுக்கு நடுவே வரப்பு. இரண்டு பக்கமும் உப்பு பூத்த தண்ணீர், வெயிலில் கண் கூசியது. எதிரே கூடையில் உப்பு சுமந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். பைக்கைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒதுங்கவும் இடமில்லை. முன்னால் வந்த அம்மா, அவர்தான் அங்கே மேஸ்திரி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். இந்த வரப்பு பம்ப் ஷெட்டோடு நின்றுவிடும், ஊருக்குப் போகிற வரப்பு அதோ அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். ஆக, உப்பளத்தின் குறுக்கே வழி இருக்கத்தான் செய்தது, மேப்பில் இருந்தது தப்பான வரப்பு. அவர்கள் கூடைகளை இறக்கி வைத்து, நான்கு பேர் சேர்ந்து என் பைக்கை அங்கேயே திருப்பி வைத்தார்கள். கேனில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மண் ரோட்டைத் தவிர்க்கச் சொல்லி பெட்டியில் ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து ஊருக்குக்கூட திண்டிவனம் ரோட்டில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனது. அதனால் அதை எடுத்துவிட்டு, வேலை இல்லாத சாயங்காலங்களில் உப்பளத்துக்குப் போய், மேஸ்திரியம்மா காட்டிய வரப்புகளில் மெதுவாக ஓட்டி, நீலக் கோடுகளாகப் பதிவு செய்துகொண்டேன். லாரி நிற்கும் இடம் வரை உப்பைத் தள்ளுவண்டியில் கொண்டுவர அந்த வரப்புகளைக் கொஞ்சம் அகலமாகக் கட்டியிருப்பார்கள், பைக் தாராளமாகப் போகும். அந்த வழியில் போனால் மேற்குப் பக்க ஊர்களுக்குப் பாதி நேரம்தான். கோடை முழுக்க அப்படித்தான் போனேன். அக்கா வீட்டு மாட்டுக்கும் ஒரு தடவை அதே வழியில் போய் நேரத்தோடு ஊசி போட்டேன். சினை நின்று, பின்பு கலைந்துவிட்டது. வெயில்தான் காரணமாக இருக்கும். அதை யார் கணக்கில் எழுதுவது? என் மேல் அவருக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போனது எனக்குத் தெரிந்தது.

மழைக்காலம் வந்ததும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியும் வாய்க்காலும் வரப்பும் ஒரே தண்ணீராகப் பரந்து கிடக்கும். அந்த வருஷம் விடாமல் பெய்த மழை ஒரு நாள் மத்தியானம் ஓய்ந்தது. நான் ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு வீட்டில் வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. மாடு விடியற்காலையிலிருந்து கத்துகிறது, சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டார். அவர் குரலில் வருவேன் என்ற எதிர்பார்ப்பே இல்லை. வந்துவிடுகிறேன் என்றேன். கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர், திண்டிவனம் ரோட்டில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி வண்டியெல்லாம் நிற்கிறது என்று சொன்னார்.

உப்பளத்து ஓரம் வந்து நின்று பார்த்தேன். நான் போகும் வரப்பின் முதல் பகுதி வெளியே தெரிந்தது. அதற்கு அப்பால் கணுக்கால் ஆழம்கூட இருக்காது என்று நினைத்தேன். திரையில் என் நீலக் கோடு தெளிவாக இருந்தது. அம்புக்குறி அதன் மேலேயே நின்றது. கோட்டை விட்டு விலகாமல் போனால் போதும் என்று இறங்கிவிட்டேன்.

முதல் கியரில், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் நன்றாகவே போனது. வரப்பு முழுக்கத் தண்ணீருக்குள் போனபின் முன்னால் பார்க்க ஒன்றுமில்லை, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். அதனால் திரையை மட்டும் பார்த்தேன். அந்தப் பெட்டி ஓரிரு ஆள் நீளம் முன்பின்னாகத்தான் இடம் காட்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ரோட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. வரப்பின் அகலமே அவ்வளவுதான் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. முன்சக்கரம் சட்டென்று இறங்கியது. பைக் இடது பக்கம் சாய்ந்தது. நான் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஆழம் இடுப்பளவுக்கும் கம்மி. அடியில் வழுக்கும் களிமண். எழுந்து நிற்பதற்குள் கேனின் மூடி கழன்று மிதந்தது. உள்ளே இருந்த நைட்ரஜன் தண்ணீரில் கொட்டி, கொதிப்பது போலச் சத்தம் போட்டது. வெள்ளைப் புகை தண்ணீரோடு தண்ணீராகப் படர்ந்து என்னைச் சுற்றி வந்தது. கிட்டே போனால் தோல் வெந்தது போலாகிவிடும் என்பதால் பின்னால் பின்னால் போனேன். கேனில் இருந்த அத்தனை குச்சிகளும் வீணாகின்றன என்று தெரிந்தும் நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. அழுகை வரவில்லை. குளிர்தான் தெரிந்தது.

தூரத்துப் பாத்தியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் புகையைப் பார்த்து, வண்டி எரிகிறது என்று நினைத்து ஓடி வந்தார்கள். அவர்களில் மேஸ்திரியம்மாவும் இருந்தார். சீசன் இல்லாத நாளில் அவருக்கு அது வேலை. புகை அடங்கியதும் எல்லோரும் சேர்ந்து பைக்கைத் தூக்கி வரப்பின் மேல் நிறுத்தினார்கள். வரப்பு என் இடது கைப்பக்கம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், அது வலது பக்கம் இருந்தது.

"எதப் பாத்துக்கினு வந்தீங்கம்மா?" என்று மேஸ்திரியம்மா கேட்டார்.

திரையைக் காட்டினேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளிச்சமாகவே இருந்தது. அதில் நான் இன்னும் கோட்டின் மேலேதான் இருந்தேன். அவர் குனிந்து அதைப் பார்த்தார். தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்.

சட்டைப்பையில் இருந்த போன் செத்துவிட்டது. குச்சியும் இல்லை. போய் என்ன செய்ய? ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், வரவில்லை என்று சொல்வதற்குக் கையில் போனும் இல்லை. பைக்கை அவர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மேஸ்திரியம்மா முன்னால் காலால் தடவித் தடவி நடக்க, நான் பின்னால் நடந்து அக்காவின் ஊர் ஓரத்தில் கரையேறினேன்.

அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய பொலிகாளை நின்றுகொண்டிருந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்துவிட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அக்கா என் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். உப்புத் தண்ணீரும் சேறும் சொட்டச் சொட்ட நான் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கலம்மா. ரோடு அடைச்சிருக்குன்னு கேட்டதும் காளைய விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கலப்பின மாட்டுக்கு நாட்டுக்காளை போட்டால் கன்றின் பால் குறையும் என்று நான் வீடு வீடாகச் சொல்லித் திரிகிறவள். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் மாட்டுக்கு நேரத்தோடு வேலை நடந்துவிட்டது. மனசுக்குள் கொஞ்சம் வருத்தமும் நிறைய நிம்மதியும் இருந்தன. அக்கா தன் புடவை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் போனிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் ஐஸ் வேனைச் சுற்று வழியில் ஓட்டி வந்து சேர இருட்டத் தொடங்கிவிட்டது. அதற்குள் உப்பளத்துக்காரர்கள் பைக்கை ஊர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து வேனில் ஏற்றினோம். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீர் அப்படியே இருந்தால் காலையில் செயின் போய்விடும் என்று சொல்லி, குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிப் பைக்கைக் கழுவினார். செயினுக்கு எண்ணெய் விட்டார். ஹேண்டில்பாரிலிருந்து பெட்டியைக் கழற்றித் துடைத்து ஜன்னலில் வைத்தார். தூக்கிப் போட்டுவிடுவாரோ என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் டீ குடிக்கும்போதுதான் அதைப் பற்றிப் பேசினார். "வரப்புல தண்ணி நின்னா நீ அந்தப் பக்கம் போவாத. மாடு மூணு வாரம் போனா திரும்பவும் கத்தும்" என்றார். சரி என்றேன்.

போனைக் கடையில் கொடுத்தேன். பிழைக்காது என்று சொல்லக் கடைக்காரருக்குப் பல நாள் ஆனது. புதுப் போன் வாங்கக் கையில் காசு சேரும் வரை எனக்கு அழைப்பே இல்லை. கேனை நிரப்பி, புதுக் குச்சிகள் வாங்கி வைத்திருந்தும் யார் வீட்டு மாடு கத்துகிறது என்று தெரியாது. சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊசி போட்டு மூன்று மாதம் ஆன மாடுகளுக்குச் சினை நின்றிருக்கிறதா என்று கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால்தான் அதற்குப் போவது என் வழக்கம். இப்போது கூப்பிடாமலே போனேன். திரையில் குறித்து வைத்த வீடுகளை வரிசையாக, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக.

வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. போன் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு என்று இரண்டு வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை, வேறு ஆளை வைத்து ஊசி போட்டுவிட்டார்கள். சில வீட்டில், கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம், நீங்களே வந்துவிட்டீர்கள் என்றார்கள். ஒரு வீட்டில் மாட்டுக்கு மடிவீக்கம். டாக்டரை வரவழைக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நின்று, அவர்கள் போனிலேயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு வந்தேன். போன் இல்லாத அந்த நாட்களில் வழியில் நிற்க வேண்டியிருக்கவில்லை. கிளம்பினால் நேரே வீடு, அங்கிருந்து நேரே அடுத்த வீடு. புதுப் போன் வந்த பிறகும் மாதத்தில் சில நாள் இப்படிக் கூப்பிடாமல் போய் வருகிறேன்.

மழை முடிந்த பின் அக்கா வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டைச் சோதித்துப் பார்த்தேன். சினைதான். சொன்னதும் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். என்னைப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். காளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாங்க அக்கா என்றேன். அப்போதுதான் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

ஜனவரியில் உப்பளத்தில் மறுபடி வேலை தொடங்கியது. முதலில் தேங்கிய மழைத் தண்ணீரை இறைப்பார்கள், பிறகு பாத்தியைத் திருத்தி, கரைந்துபோன வரப்புகளைச் சேறு அள்ளிப் புதிதாகக் கட்டுவார்கள். கட்டும்போது பழைய இடத்திலேயே கட்ட வேண்டும் என்று எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் வண்டி போகிற வரப்பு எது என்று மேஸ்திரியம்மாவைக் கேட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் போனேன். போன வருஷத்து நீலக் கோடுகளில் பாதி இப்போது பாத்திகளுக்கு நடுவே போயின. அவற்றையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி மெதுவாக ஓட்டிப் புதிதாகப் பதிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு வருஷமும் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அக்டோபரில் முதல் பெரிய மழை விழுந்ததும் அத்தனையையும் திரையிலிருந்து எடுத்துவிடுவேன்.

இந்த வருஷம் நான் புதுக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. வரப்பின் நடுவில் நிறுத்தி எடுத்தேன். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு வீட்டில் மாடு காலையிலிருந்து கத்துகிறதாம். அங்கே போக உப்பளத்தைக் கடக்க வேண்டியதில்லை. பைக்கைத் திருப்ப இடம் வரும் வரை போய்த் திரும்பி, மெயின் ரோட்டில் ஏறினேன்.